எழுவாய் இல்லாத வாக்கியங்கள்: காக்ளியர் கருவி பற்றிய தமிழ்த் தாள்களின் வரலாற்றுக்கு ஒரு முன்குறிப்பு

'தெரிவு செய்யப்பட்ட குழந்தைகளுக்கு அறுவைச் சிகிச்சை மூலம் உட்செவிக் கருவி பொருத்தப்படும். தொடர்ந்து செவிவழிப் பேச்சுப் பயிற்சி அளிக்கப்படும். கருவி முறையாகப் பராமரிக்கப்பட வேண்டும்.'

காது கேளாத குழந்தையைப் பெற்றவர்கள் கையில் தரப்படும் தாள்களில் இந்த ஜாடையில் நாலு வாக்கியமாவது இருக்கும். பிழை ஒன்றும் கிடையாது. தமிழாசிரியர் சிவப்பு மையைத் தொட மாட்டார். ஆனால் பொருத்துவது யார், பயிற்சி கொடுப்பது யார், எங்கே, எத்தனை வருஷம், பராமரிப்பது யார், யார் காசில் என்ற கேள்விகளில் ஒன்றுக்குக்கூட இந்த வாக்கியங்களுக்குள் பதில் இல்லை. மூன்று வினை இருக்கிறது, செய்கிறவர் ஒருத்தர்கூட இல்லை. பள்ளிக்கூட இலக்கணம் இதைச் செயப்பாட்டு வினை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். ஆபீஸ் தமிழில் இது கைகழுவும் வழி.

மருத்துவத் தகவலை எளிய தமிழில் தர வேண்டும் என்று சொல்லாதவர் இன்று யாருமில்லை. எளிமை என்றால் பல்லை உடைக்கும் சொல்லை எடுத்துவிட்டு லேசான சொல்லைப் போடுவது என்றே எல்லாரும் எடுத்துக்கொள்கிறார்கள். சில வருஷங்களுக்கு முன் திருவொற்றியூரில் நாலைந்து பெற்றோர் இந்த மாதிரி ஒரு தாளைக் கொண்டுவந்து 'நம்ம தமிழில் எழுதிக் குடுங்க' என்று கேட்டபோது நானும் அந்த நினைப்போடுதான் உட்கார்ந்தேன். காசிமேட்டிலிருந்து வந்த ஓர் அம்மா சொன்னார்: "படிச்சேண்ணா. தெரிஞ்ச பாஷைதான். யாரு இன்னா செய்யணும்னு மட்டும் புரியல." எனக்கு இந்தக் கட்டுரையின் விஷயம் அவர் சொன்னதில் கிடைத்தது. தாள் புரியாமல் போனதற்குச் சொல்லைவிட எழுவாய்தான் காரணம். அது எப்போது, எப்படித் தொலைந்தது என்று தேடுவதே இங்கே என் வேலை.

முதலில் கருவி. நம் காதுக்குள் நத்தைக்கூடு மாதிரிச் சுருண்ட ஓர் எலும்புக்குழாய் இருக்கிறது. நத்தையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததே காக்ளியா என்ற பெயர். அதற்குள் இருக்கும் மயிர்செல்கள் ஒலியின் அதிர்வை மின்துடிப்பாக்கி நரம்புக்குக் கொடுக்கின்றன. அவை செத்துப்போயிருந்தால் சாதாரணக் காது மிஷின் எவ்வளவுதான் சத்தத்தைக் கூட்டிக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள உள்ளே ஆள் இல்லை. காக்ளியர் கருவி மயிர்செல்களைத் தாண்டிப் போகிறது. காதுக்குப் பின்னால் மாட்டிய மைக்கும் பிராசஸரும் ஒலியை வாங்கிச் சிக்னலாக்கும். காந்தத்தால் தலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் வில்லை, தோலுக்கடியில் வைத்துத் தைத்த பகுதிக்கு அதை அனுப்பும். அங்கிருந்து சுருளுக்குள் செருகிய மெல்லிய கம்பி நரம்பைத் தூண்டும். அந்தக் கம்பியில், கம்பெனிக்குத் தகுந்தபடி, 12லிருந்து 22 மின்முனைகள். ஆயிரக்கணக்கான மயிர்செல்களின் வேலையை இந்தச் சில மின்முனைகள் பார்க்கின்றன. ஆகவே குழந்தைக்கு வந்து சேரும் ஒலி நாம் கேட்கும் ஒலி கிடையாது. அதைப் பேச்சு என்று அடையாளம் காண மூளை பழக வேண்டும். ஆபரேஷன் முடிந்து சில வாரம் கழித்துத்தான் கருவியை ஆன் செய்வார்கள். பிறகு குழந்தைக்கேற்ற அளவை வைப்பதற்குத் (மேப்பிங் என்பார்கள்) திரும்பத் திரும்ப வரச் சொல்வார்கள். பேச்சுப் பயிற்சி வருஷக்கணக்கில் போகும். ஆபரேஷன் சில மணி நேரம். மிச்சமெல்லாம் வீட்டில், பெரும்பாலும் அம்மாவின் பொழுதில்.

இதைச் சொல்ல எனக்கு அகராதி தேவைப்படவில்லை. 1977ல் கிரேம் கிளார்க் ஆஸ்திரேலியாவின் மின்னமுரா கடற்கரையில், ஒரு சிப்பி ஓட்டின் சுருளுக்குள் புல் இதழை நுழைத்துப் பார்த்தார். நுனி வளைந்து அடி விறைப்பாக இருந்தால் சுருளுக்குள் போதிய தூரம் போகும் என்பது அங்கேதான் அவருக்குத் தட்டுப்பட்டது. அடுத்த வருஷம் மெல்போர்னில் தன் முதல் ஆபரேஷனைச் செய்தார். நம் தாள்களில் 'உட்செவிச் சுருள்' என்று இருக்கும் இடத்தில் 'காதுக்குள்ள இருக்கிற சங்கு' என்று சொன்னபோது காசிமேட்டுக்காரர்களுக்கு மறுகேள்வி வரவில்லை. விஞ்ஞானியும் கடற்கரையில்தான் கற்றுக்கொண்டார் என்பதையும் சொன்னேன். அது அவர்களுக்குப் பிடித்திருந்தது.

தமிழில் இதெல்லாம் முடியாது என்பவர்களுக்கு யாழ்ப்பாணத்து மானிப்பாயை ஞாபகப்படுத்த வேண்டும். 1847ல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மிஷன் டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், உள்ளூர் மாணவர்களுக்கு மேற்கத்திய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்றுக்கொடுத்தவர். 1850களில் 'அங்காதிபாதம், சுகரணவாதம், உற்பாலனம்' என்ற நூல் வந்தது. 1867ல் 'இரண வைத்தியம்'. 1872ல், கிரே எழுதிய உடற்கூற்று நூல் 'மனுஷ அங்காதிபாதம்' ஆகத் தமிழில் கிடைத்தது. இந்தத் தலைப்புகளை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். எளிமை என்று யாரும் சொல்ல முடியாது. வடமொழி வழிந்து ஓடுகிறது. இருந்தும் இவற்றில் ஒரு நேர்மை உண்டு. இந்த நூல்களை வாசிப்பவர் நாளைக்குக் கத்தியைப் பிடிக்கப் போகிறவர். அவரிடம் எதையும் மறைக்கவோ குறைக்கவோ கிறீனுக்குக் காரணம் இருக்கவில்லை. முழு மனித உடம்பையும் தமிழ் வாசகர் முன் திறந்து வைத்தார்கள்.

கிறீன் 1873ல் ஊர் திரும்பினார். அவருக்குப் பின் மருத்துவப் படிப்பு ஆங்கிலத்துக்குப் போனது. அதிலிருந்து தமிழின் இடம் மாறிவிட்டது என்பது என் வாசிப்பு. டாக்டர் ஆங்கிலத்தில் அறிகிறார், நோயாளிக்குத் தமிழில் 'அறிவிக்கப்படுகிறது'. அறிவதற்கான மொழியாக இருந்தது அறிவிப்புப் பலகையின் மொழியானது. 1872ல் கிரேயின் நூலையே சுமந்த மொழி இன்று ஒரு கருவியைப் பற்றி நாலு பக்கம் எழுதும்போது ஏன் மூச்சு வாங்குகிறது என்றால், மொழிக்குத் தெம்பு போய்விட்டது என்று அர்த்தமில்லை. வாசகரைப் பற்றிய மதிப்பீடு போய்விட்டது.

இந்த மாற்றத்தை நம்மவர்கள் கவனிக்கவில்லையா? கவனித்தார்கள், வேறு இடத்தில் நின்று. 1916ல் சேலத்தில் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் அறிவியல் சொற்களுக்காக ஒரு சங்கமும் பத்திரிகையும் தொடங்கினார்கள். தனித்தமிழ் இயக்கத்தின் தொடக்கமாகச் சொல்லப்படுவதும் அதே 1916. 1930களில் சென்னையில் கலைச்சொல் குழுக்கள் வந்தன. வடமொழியா, தமிழா, ஆங்கிலத்தை அப்படியே எழுதுவதா என்று ஒரு நூற்றாண்டுச் சண்டை. அந்தச் சண்டைக்கு அரசியல் நியாயம் உண்டு, அதை நான் குறைத்துப் பேச வரவில்லை. ஆனால் சண்டை முழுக்கப் பெயர்ச்சொல்லைப் பற்றியது. வினைச்சொல்லை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 'பேட்டரி'யை 'மின்கலம்' ஆக்கிய குழுவுக்கு, 'மாற்றப்பட வேண்டும்' என்ற வினை கண்ணில் படவே இல்லை. பேட்டரி என்றால் தண்டையார்பேட்டையில் எல்லாருக்கும் தெரியும். ஆபரேஷன், ஸ்கேன், வாரன்டி எல்லாமே தெரியும். தெரியாதது யார் மாற்ற வேண்டும் என்பதுதான்.

அப்படியானால் எழுவாயோடு எழுதிய தமிழ் இந்தப் பக்கம் இருந்ததே இல்லையா என்றால், இருந்தது. சென்னை மீனவர் குடும்பத்தில் 1860ல் பிறந்த சிங்காரவேலர், எழுபது வயதுக்கு மேல் 'குடி அரசு'வில் விஞ்ஞானக் கட்டுரைகள் எழுதினார். 1918ல் பெரம்பூர் மில் தொழிலாளர் கூட்டங்களில் பி.பி.வாடியா ஆங்கிலத்தில் பேச, திரு.வி.க. தமிழில் சொன்னார். இந்த இரண்டிலும் கேட்பவரை ஏதோ செய்யப்போகிற ஆளாக வைத்தே பேசினார்கள். இன்னொன்றும் சொல்லலாம். ஸ்டான்லி மருத்துவமனைக்கு 1930களில் ஆளுநர் பெயர் வந்த பிறகும், ராயபுரத்துப் பெரியவர்கள் வாயில் அது 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி'தான். 18ஆம் நூற்றாண்டுப் பஞ்சத்தில் அங்கே கஞ்சி ஊற்றிய ஞாபகம். சர்க்கார் வைத்த பெயரில் ஒரு மனிதர் இருக்கிறார், சனங்கள் வைத்த பெயரில் ஒரு வேலை இருக்கிறது.

வட சென்னைக்கு இன்னொரு வகை எழுத்தும் பழக்கம். எண்ணூர் நெடுஞ்சாலைத் தொழிற்சாலைகளின் உள்ளே தொங்கும் பலகைகள். 'செவிக்கவசம் அணியவும்', 'உங்கள் காதுகளைப் பாதுகாத்துக்கொள்ளுங்கள்'. 1987ல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தியபோது, சத்தத்தால் வரும் செவித்திறன் இழப்பு தொழில்நோய்ப் பட்டியலில் ஏறியது. 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்று விதிகளில் வரம்பு இருக்கிறது. பலகையில் அந்த 90 வராது. மிஷின் எவ்வளவு சத்தம் போடுகிறது, அதைக் குறைக்க வேண்டியவர் யார் என்பது வராது. தொழிலாளியின் கடமை மட்டும் வரும். இங்கே எழுவாய் மறையவில்லை, ஏவல் வினைக்குள் ஒளிந்திருக்கும் 'நீ' மட்டுமே எழுவாய். ப்ரஸ் ஷாப்பிலும் பாய்லர் பக்கத்திலும் முப்பது வருஷம் நின்று காது மந்தமானவர்களுக்குச் சொல்லப்பட்டது, காதை நீ பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதே.

இதை மனதில் வைத்துக்கொண்டு காக்ளியர் தாளுக்குத் திரும்பினால் ஒரு விசித்திரம் தெரிகிறது. தாள் முழுக்கச் செயப்பாட்டு வினையாக ஓடுகிறது என்றேன், ஓரிடம் தவிர. 'நெருங்கிய உறவில் திருமணம் செய்துகொள்பவர்கள் இத்தகைய குழந்தைகளைப் பெறுகிறார்கள்.' அங்கே எழுவாய் டாண் என்று வந்து நிற்கிறது! உறவுத் திருமணம் பரம்பரைக் காதுகேளாமைக்கான வாய்ப்பைக் கூட்டுகிறது என்பது மருத்துவ உண்மை, மறுக்கவில்லை. கர்ப்பகாலத்து ருபெல்லா, குறைப்பிரசவம், கடும் மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல் இவையும் காரணங்களே. ஆனால் குற்றம் வரும் இடத்தில் மட்டும் பெற்றோர் எழுவாயாகிறார்கள். உரிமை வரும் இடத்தில் காணாமல் போகிறார்கள். மருத்துவச் சொல்லாடல் உடம்பைத் தன் பார்வைப் பொருளாக்கியதைப் பற்றி ஃபூக்கோவை மேற்கோள் காட்டி நாம் நிறைய எழுதிவிட்டோம். அந்த அதிகாரத்தை ஒரு தமிழ் வாக்கியத்தின் பயனிலையில் தேடிப் பார்த்தவர்கள் குறைவு.

காது கேளாதவர்களே எழுவாயாக இருக்க வேண்டிய வாக்கியமும் ஒன்று உண்டு. 1880ல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, சைகையை விலக்கி வாய்ப்பேச்சு முறையே சிறந்தது என்று தீர்மானம் போட்டது. அங்கே ஓட்டுப் போட்டவர்கள் ஏறக்குறைய எல்லாருமே காது கேட்பவர்கள். பாளையங்கோட்டையில் ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சன் காது கேளாதோர் பள்ளியைத் தொடங்கிய 1897ல் உலகம் அந்தத் தீர்மானத்தின் நிழலில் இருந்தது. மிலான் தீர்மானங்களை வான்கூவர் மாநாடு நிராகரித்து வருத்தம் தெரிவித்தது 2010ல். நூற்றி முப்பது வருஷம்!

கருவியின் கதை இந்த நிழலுக்குள்தான் நடந்தது. 1957ல் பாரிஸில் ஜூர்னோவும் எய்ரீஸும் கேட்கும் நரம்பை மின்சாரத்தால் தூண்டிப் பார்த்தார்கள். 1961ல் லாஸ் ஏஞ்சல்ஸில் வில்லியம் ஹவுஸ். 1990ல் அமெரிக்க அரசு 2 வயதுக் குழந்தைகளுக்கும் அனுமதித்தபோது, அடுத்த வருஷமே அந்நாட்டுக் காது கேளாதோர் தேசியச் சங்கம் எதிர்த்து அறிக்கை விட்டது. பின்னர் 2000ல் தன் நிலையைத் தளர்த்திக்கொண்டது. ஹார்லன் லேன் 1992ல் எழுதிய நூலில், காது கேளாதோரை ஒரு மொழிச் சிறுபான்மையாகவும், அவர்களைத் 'திருத்தும்' மருத்துவத்தைக் காலனியாதிக்கத்தின் ஒரு வடிவமாகவும் பார்த்தார். அவரோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. பிள்ளை வாயிலிருந்து 'அம்மா' என்று கேட்க ஆசைப்படும் புதுவண்ணாரப்பேட்டைப் பெண்ணைக் காலனியாதிக்கத்தின் முகவர் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் நம் தாள்களில் சைகைமொழி என்ற சொல்லே வராதது தற்செயல் என்றும் நம்ப முடியவில்லை. ஆபரேஷனுக்கும் ஆன் செய்வதற்கும் நடுவில், பேச்சு வரும் வரையிலான மாதங்களில், அந்தக் குழந்தை எந்த மொழியில் இருக்கும்? (ஒரு கிளைச் செய்தி: 'செவிடு' போய் 'செவித்திறன் குறையுடையோர்' வந்து, 2010 வாக்கில் 'மாற்றுத்திறனாளி' வந்தது. பெயர் இரண்டு முறை மாறியது. வாக்கியம் மாறவில்லை.)

திட்டங்களின் வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், இது நன்மையான பகுதி. பல லட்ச ரூபாய்க் கருவி, ஒருகாலத்தில் பணக்காரர் வீட்டுச் சமாச்சாரம். 2012 ஜனவரியில் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அது ஏழைக் குழந்தைகளுக்கும் கிடைத்தது. 2014ல் திருத்திய மத்திய அரசின் உதவிக் கருவித் திட்டம் வருஷத்துக்கு 500 குழந்தைகள், கருவிக்கு 6 லட்சம் ரூபாய் உச்சவரம்பு என்று வைத்தது. சின்ன வயதிலேயே செய்தால்தான் மொழி வரும் என்பதால் வயது வரம்பும் உண்டு. நியாயமானதே. ஆனால் பெற்றோர் கையில் அது ஒரு கடிகாரமாகிறது. பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்று வீட்டில் ஒப்புக்கொள்ளவே இரண்டு வருஷம் ஆகியிருக்கும். அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டம். அந்த ஓட்டத்தின் நடுவில்தான் தாள் கைக்கு வருகிறது.

வந்த தாள் சொல்லாமல் விடுவது என்ன? வெளியே மாட்டும் பிராசஸர் ஆயுசுக்கும் வராது. வயர் அறும், காயில் போகும், பேட்டரி தீரும். வாரன்டி முடியும். சில வருஷத்தில் கம்பெனி அந்த மாடலையே நிறுத்திவிடலாம். கேரளத்தில் 'ஸ்ருதிதரங்கம்' திட்டத்தில் கருவி வைத்த குழந்தைகளின் பெற்றோர், பழைய மாடலுக்குப் பாகம் கிடைக்காமல் அலைந்தது பத்திரிகைகளில் வந்தது. பிராசஸர் நின்றால் தோலுக்கடியில் இருப்பது வெறும் உலோகம். ஆபரேஷனில் மிச்சசொச்சக் கேட்கும் திறனும் போய்விடக்கூடும் என்பதால் பழைய மிஷினுக்குத் திரும்புவதும் நிச்சயமில்லை. மூளைக்காய்ச்சலுக்கு எதிரான தடுப்பூசி போட வேண்டும். பின்னாளில் எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் உள்ளே காந்தம் இருப்பதை முதலில் சொல்ல வேண்டும்.

அப்புறம் 'ஈரப்பதத்திலிருந்து பாதுகாக்கப்பட வேண்டும்' என்ற ஒரு வரி. காசிமேட்டில், கடலுக்கு இருநூறு அடியில், இரும்பு ஜன்னல் கம்பி ஒரு மழைக்குள் துருவேறும் வீட்டில், இந்த வரிக்கு என்ன பொருள்? காற்றே உப்பு. பிள்ளைகள் நாளெல்லாம் தண்ணீரில் கிடக்கும். நாங்கள் அதை இப்படி மாற்றினோம்: 'கடலுக்குப் போகும்முன், குளிக்கும்முன் நீங்கள் கழற்றி வையுங்கள். ராத்திரி தூங்கும்போது கருவியை உலர்த்தும் டப்பாவில் போடுங்கள். டப்பாவும் அதற்குள் போடும் மணியும் கருவியோடு தருகிறார்களா என்று ஆபரேஷனுக்கு முன்னாடியே கேளுங்கள்.' பல மடங்கு நீளம். எளிமை என்றால் சுருக்கம் என்பவர்களுக்கு இது பிடிக்காது.

அமெரிக்காவில் வாக்கிய நீளத்தையும் சொல்லின் அசைகளையும் எண்ணி எளிமையை அளக்கிறார்கள். 1948ல் ருடால்ஃப் ஃபிளெஷ் கொடுத்த சூத்திரம் இன்னும் ஓடுகிறது. தமிழில் அது செல்லாது. 'கழற்றிவைத்துவிட்டுப்போங்கள்' என்பதைச் சேர்த்து எழுதினால் ஒரே சொல், அசையை எண்ணினால் பெருங்கடினம், கேட்டால் குழந்தைக்கும் புரியும். நமக்கு வேண்டிய அளவுகோல் வேறு: ஒவ்வொரு வினையையும் சுட்டி 'யாரு?' என்று கேட்டால் தாளிலேயே பதில் இருக்கிறதா? டேவிட் வெர்னர் 1970களில் மெக்சிகோ மலைக் கிராமத்தவருக்காக, அவர்களோடு இருந்து ஸ்பானியத்தில் எழுதிய மருத்துவ நூலின் பலம் இதில்தான் இருக்கிறது. அதில் யாரோ ஒருவர் எப்போதும் எதையோ செய்துகொண்டிருப்பார்.

இது வெறும் நல்லெண்ண விவகாரமும் இல்லை. போதுமான விவரம் சொல்லிப் பெற்றதே சம்மதம் என்று உச்ச நீதிமன்றம் 2008ல் சமீரா கோஹ்லி வழக்கில் சொன்னது. 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 'தகவல் தொடர்பு' என்பதை வரையறுக்கும்போது பிரெய்ல், சைகைமொழி ஆகியவற்றோடு எளிய மொழியையும் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. சட்டத்தின் தமிழ் எப்படி இருக்கிறது என்று கேட்காதீர்கள்.

எங்கள் தாள் ஆறு பக்கம் வந்தது. சைகைமொழியைச் சேர்ப்பதில் பெரிய தகராறு. எண்ணூரில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் ஓர் அப்பா, "அதப் போட்டா ஆபரேஷனே வேணாம்னு போயிடுவாங்க சார்" என்றார். அவர் பயத்தில் பொருள் இருந்தது. பிறவியிலேயே காது கேளாத, தையல் வேலை செய்யும் ஓர் இளைஞரும் உட்கார்ந்திருந்தார். அவர் வேறொரு தாளில் எழுதிக் காட்டினார்: 'மிஷின் வைங்க. கையையும் கட்டாதீங்க.' இரண்டு வாரம் பேச்சு ஓடியது. கடைசியில் சைகைமொழி இரண்டாம் பக்கத்துக்குப் போனது, முதல் பக்கம் கிடைக்கவில்லை. உறவுத் திருமணம் பற்றிய வரியை ஐந்து காரணங்களில் ஒன்றாக, கடைசிப் பக்கத்துக்குத் தள்ளினோம். அதில் பெண்கள் எல்லாரும் ஒரே கட்சி.

ஆறாம் பக்கத்தின் அடியில் ஒரு கேள்வியை மட்டும் எங்களால் எழுவாயோடு முடிக்க முடியவில்லை. வாரன்டி முடிந்த பிறகு பிராசஸர் பழுதானால் மாற்றித் தருபவர் யார்? எந்தத் திட்டம், எந்த வருஷம், எந்தக் கம்பெனி என்பதைப் பொறுத்துப் பதில் மாறுகிறது. அதனால் அந்த இடத்தில் இரண்டு வெற்றுக்கோடு விட்டு அச்சடித்தோம். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், அந்தக் கோட்டில் பெயரையும் பதவியையும் டாக்டரையே எழுதித் தரச் சொல்லிக் கேட்கும்படி பக்கத்தில் குறித்திருக்கிறோம். காசிமேட்டு அம்மா பேனாவையும் தாளோடு சேர்த்து நீட்டுகிறாராம்.